மெயினுக்கு முன்பே விழுகிற புரோகிராம்

வெள்ளவத்தைத்தம்பி:
கொழும்பில் ஒரு கம்பெனிக்கு சி++இல் பில்லிங் சொஃப்ட்வேர் எழுதுகிறேன். ஒரு ஃபைலில் குளோபல் லாகர் (நடப்பதைப் பதிவுசெய்யும் ஒப்ஜெக்ட்), இன்னொன்றில் குளோபல் கொன்ஃபிக் (செட்டிங்ஸ் ஒப்ஜெக்ட்), கொன்ஃபிக்கை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் லாகரைக் கூப்பிடுகிறது. லப்டொப்பில் ஓடுகிறது, சேர்வரில் மெயின் ஃபங்ஷனுக்கு வரும் முன்பே கிராஷாகி விழுகிறது. லாகருக்குப் பதில் திரையில் எழுதும் சிஅவுட் போட்டால் ஒன்றும் ஆகவில்லை, அது எப்படி?

கொட்டாஞ்சேனை அண்ணை:
தம்பி, குளோபல் ஒப்ஜெக்ட்கள் ஒரே ஃபைலுக்குள் எழுதிய வரிசையில் உருவாகும், வெவ்வேறு ஃபைல்களுக்கு இடையே எது முதல் என்று சி++ ஸ்டாண்டர்ட் சொல்வதில்லை, ஃபைல்களை இணைக்கும் லிங்கருக்குக் கொடுக்கிற வரிசை மாறினாலே நடத்தையும் மாறலாம். சிஅவுட் தப்புவதற்குக் காரணம், சிஅவுட்டுக்கான ஐஓஸ்ட்ரீம் ஹெடரை இன்குளூட் செய்த ஒவ்வொரு ஃபைலிலும் ஒரு ஸ்டாட்டிக் இனிட் ஒப்ஜெக்ட் ஒளிந்திருந்தது, முதலில் உருவாகிறது எதுவோ அதுவே ஸ்ட்ரீம்களைத் தயாராக்கிவிடும். அசிங்கமான வித்தைதான். ஜிசிசி கம்பைலரின் 13ஆம் பதிப்பில் அதை லைப்ரரிக்குள்ளேயே நகர்த்திவிட்டார்கள்.

தெஹிவளைக் கோடர்:
லாகரை ஒரு ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக்காக வைத்து ரெஃபரன்ஸைத் திருப்பிக் கொடும், முதல் தடவை கூப்பிடும்போதே அது உருவாகிவிடும். சி++11இலிருந்து, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டு இரண்டு தடவை உருவாகிவிடுமோ என்ற பயமும் இல்லை.

கொட்டாஞ்சேனை அண்ணை:
சரி, அழியும் வரிசையையும் பாரும், உருவானதற்குத் தலைகீழாக நடக்கும். கொன்ஃபிக் கட்டி முடியுமுன் லாகர் உருவாகிவிடுவதால் அது கொன்ஃபிக்குக்குப் பிறகுதான் அழியும், உமக்குச் சிக்கல் இல்லை. கன்ஸ்ட்ரக்டரில் லாகரைத் தொடாமல், ஒப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரில் மட்டும் லாக் பண்ணுகிறவர்களுக்குத்தான் தலையிடி.