ஐஎல்-8 ஏறுவதற்குக் காரணம் எல்டிஎல்தானா? வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். செல் வளர்ப்பில் கை பழகியவர்களின் உதவி வேண்டும்.

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியின் யு87 செல்களில் எல்டிஎல், எச்டிஎல் (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் லிப்போபுரதத் துகள்கள்) இரண்டும் அழற்சியை எப்படி மாற்றுகின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டிச் செல்கள் கொலஸ்ட்ராலுக்கு அலைபவை. எல்டிஎல் ஏற்பி வழியாக அதை அள்ளி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கேள்வியை விட மனசில்லை.

சிக்கல் இதுதான். மில்லிக்கு 50 மைக்ரோகிராம் எல்டிஎல் கொடுத்து 24 மணி நேரம் கழித்து எலைசா (புரத அளவை நிறத்தால் காட்டும் சோதனை) செய்தால், அழற்சியின் அடையாளமான ஐஎல்-8 புரதத்துக்குரிய குழிகள் அடர் மஞ்சளாகின்றன, அதாவது ஐஎல்-8 ஏறியிருக்கிறது. ஆனால் போன மாதம் ரத்தத்திலிருந்து பிரித்த எல்டிஎல்லில் மட்டுமே இப்படி. புதிதாகப் பிரித்ததில் ஒரு மாற்றமும் இல்லை. பழைய குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அதன் இயல்பான மஞ்சள் வெளிறிப் போயிருந்தது. ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதோ? அப்படியானால் அது சிடி36 போன்ற வேறு ஏற்பிகள் வழியே அழற்சியைத் தூண்டக்கூடியது. நான் அளந்தது சாதாரண எல்டிஎல்லின் வேலையே அல்ல.

அழற்சியைத் தூண்டும் பாக்டீரிய நச்சான எண்டோடாக்சின் மீதும் சந்தேகம் இருக்கிறது. அது லிப்போபுரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைக் கண்டறியும் எல்ஏஎல் சோதனையை மட்டும் நம்பலாமா, அதை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தும் பார்க்க வேண்டுமா?

அப்புறம், செல் வளர்ப்பில் சேர்க்கும் சாதாரணக் கன்றுச் சீரத்திலேயே மாட்டின் லிப்போபுரதங்கள் இருக்கின்றன. அவற்றை நீக்கிய சீரத்துக்கு எத்தனை மணி நேரம் முன்பே மாற்றுகிறீர்கள்? 24 மணி நேரம் வைத்ததில் என் செல்கள் சில உருண்டு கழன்றுவிட்டன.

பழைய எல்டிஎல் இன்னும் இரண்டு குப்பிதான் மிச்சம். அதில் முதலில் எந்தச் சோதனையைச் செய்வீர்கள்?