42 ஸ்குவாட்ரன் என்ற எண்ணைக் கணக்குப் போட்டுச் சோதிக்க முடியுமா?

குடந்தைப் புள்ளியியல் ஆசிரியர்:
இந்திய விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான ஸ்குவாட்ரன்கள், அதாவது விமான அணிகள், 42. இது போதுமா, கூடுதலா என்பதை ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் எனப்படும் செயலாய்வு, அதாவது படைச் செயல்களைக் கணக்கிட்டு ஆராயும் முறை, கொண்டு சோதித்த பிறகே விமானம் வாங்க வேண்டும் என்கிறேன். 1916-இல் பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் நூலில் எழுதிய இருபடி விதியின்படி, படையின் வலிமை எண்ணிக்கையின் இருபடியாக வளரும்; ஆகவே எண்ணிக்கையில் பாதியாக உள்ள படையின் ஒவ்வொரு விமானமும் எதிரியுடையதைப் போல் நான்கு மடங்கு திறன் பெற்றிருந்தால்தான் ஈடுகொடுக்க முடியும். தரம் இருந்தால் எண்ணிக்கை எதற்கு என்போர் இதற்கு விடை சொல்லட்டும்.

தஞ்சை வாசகர்:
ஐயா, அந்த விதி பட்டியலில் உள்ள விமானங்கள் எல்லாம் வானில் இருப்பதாகக் கொள்கிறது. உதிரிபாகத்துக்காகக் கொட்டகையில் நிற்பது எந்தச் சமன்பாட்டில் வரும்? வியட்நாம் போரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவின் நிர்வாகம் கொல்லப்பட்ட எதிரிகளின் தொகையை வெற்றியின் அளவாக வைத்தது. களத்தில் அந்தத் தொகையை ஊதிப் பெருக்கினார்கள், போரோ கைவிட்டுப் போயிற்று.

குடந்தைப் புள்ளியியல் ஆசிரியர்:
செயலாய்வு தன் திறமையைக் காட்டிய இடங்களுள் நீங்கள் சொல்லும் கொட்டகையும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோர விமானப் பிரிவில், விமானங்களில் பெரும்பகுதி எப்போதும் பறக்கத் தயாராக நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பறந்தால் பழுதாகும், பழுதானால் அந்த விகிதம் குறையும். ஆகவே விகிதத்தைக் காப்பாற்ற விமானத்தைப் பறக்கவிடாமல் வைத்திருப்பதே வழியாயிற்று. சிசில் கார்டன் என்ற மரபியல் அறிஞர் பறப்பு மணிநேரத்தை அளவாக வைக்கச் சொன்னார். சோதித்த ஸ்குவாட்ரனில் அது ஏறத்தாழ இருமடங்கானது, புதிதாக ஒரு விமானமும் வாங்காமலேயே. அந்தப் பிரிவின் ஆய்வுக் குழுவை 1941-இல் நடத்திய இயற்பியலாளர் பிளாக்கெட்டைத்தான் நேருவின் அரசு 1948-இல் பாதுகாப்பு ஆலோசனைக்கு அழைத்தது. நாட்டின் வருவாய் தாங்கும் அளவுக்கே படை என்பது அவர் சொன்னதன் சாரம். வியட்நாமில் தவறியது கணக்கு அன்று, அளந்த மரக்கால்.

தஞ்சை வாசகர்:
மரக்கால் என்றே வைத்துக்கொள்வோம். 2020 ஜனவரியில் எங்கள் தளத்தில் பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்-30 ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. சத்தம் கேட்டு நாற்றுப் பறிப்பவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது, சத்தம் வரும் இடத்தில் விமானம் இருக்காது, வெகுமுன்னே போயிருக்கும். இந்தியப் பெருங்கடலில் எவரும் வாலாட்டாமல் இருப்பதற்கே அது இங்கே நிற்கிறது. ஒரு குண்டும் போடாமல் இருபது ஆண்டு கழிந்தால், அது வெற்றியா வீண்செலவா என்று எந்த மரக்கால் காட்டும்?

குடந்தைப் புள்ளியியல் ஆசிரியர்:
அந்த மரக்கால் என்னிடம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸ்குவாட்ரன் எத்தனை கடல்மைல் வரை, நாளுக்கு எத்தனை மணிநேரம் கண்காணிக்கும், அதே வேலையைக் கப்பல் செய்தால் என்ன செலவாகும் என்பனவற்றை இன்றே அளக்கலாம். அவற்றையேனும் அளந்து வைத்துவிட்டு 43-ஆவது ஸ்குவாட்ரனைக் கேட்கட்டும்.