மறு: மறு: லேட்டன்சி – ஹெட்போன் கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும்

கோவையிலிருந்து:

கலைச்சொல் மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற இதழுக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். ராத்திரி விடுதியில் வேலரன்ட் என்ற இணையத் துப்பாக்கி விளையாட்டு ஆட, காலையில் பஸ்ஸில் பாட்டுக் கேட்க, நடுவில் வீட்டிலிருந்து அழைத்தால் பேச, எல்லாவற்றுக்கும் ஒரே வயர்லெஸ் ஹெட்போன் போதுமா, போதுமென்றால் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம். இரண்டு வாங்கக் கையில் காசிருக்கும் மாணவர்கள் இங்கே குறைவு.

எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே லேட்டன்சி வந்து நிற்கிறது. திரையில் துப்பாக்கி வெடித்து, கொஞ்சம் கழித்துச் சத்தம் வருகிறதே, அது. கலைச்சொல் பட்டியல்களில் தேடினேன். 'மறைநிலை' என்றும் 'உள்ளுறைவு' என்றும் கிடைத்தன. பொதுவாகத் 'தாமதம்' என்கிறார்கள். எங்கள் பையன்கள் 'லேக் அடிக்குது' என்பதோடு முடித்துக்கொள்வார்கள். எதைப் போடலாம்?

ஹெட்போனுக்கும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து:

அன்புத் தம்பி,

'மறைநிலை'யை முதலில் தள்ளுங்கள். ஆங்கிலச் சொல்லின் வேரை மட்டும் பார்த்து யாரோ பெயர்த்தது அது. பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏறாமலே உள்ளே போகிற வெப்பத்தை இங்கே உள்ளுறை வெப்பம் என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் மறைவெப்பம். அங்கே வெப்பம் வெப்பமானியின் கண்ணுக்கு மறைந்துதான் இருக்கிறது, பெயர் பொருந்துகிறது. உங்கள் ஹெட்போனில் எது மறைந்திருக்கிறது? போதாக்குறைக்கு, பார்த்த பக்கங்கள் பதிவாகாதபடி குரோமில் திறக்கும் சாளரத்துக்கும் மறைநிலை என்றே பெயர். 'மறைநிலை குறைந்த ஹெட்போன்' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்?

'தாமதம்' எல்லோருக்கும் புரியும். ஆனால் அது வடசொல். முக்குணங்களில் மந்தத்துக்கு உரியது. தமிழிலேயே வேண்டுமென்றால் 'பிந்துகை', 'காலத்தாழ்வு' இரண்டில் ஒன்றைக் கருதலாம்.

ஹெட்போனுக்குத் 'தலையணி'.

சென்னையிலிருந்து:

வணக்கம். ஒலிக்கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. அதனால் இந்த மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஹெட்போனுக்குத் 'தலையணி'.

ஐயா, அச்சில் ஓர் எழுத்து மாறினால் தலையணை ஆகிவிடும். காதை வைத்துச் சொல் கட்டலாம் என்றால் காதணி ஏற்கெனவே நகைக்கடைக்காரர் வசம் இருக்கிறது. ஹெட்போன் ஹெட்போனாகவே இருக்கட்டும், யாரும் தடுமாறப்போவதில்லை. தடுமாற்றம் லேட்டன்சியில்தான் இருக்கிறது. அது சொல் இல்லாததால் வந்தது மட்டுமில்லை, பொருள் குழம்பிக் கிடப்பதாலும் வந்தது.

பையன்கள் 'லேக்' என்று மூன்று வெவ்வேறு நோய்களைச் சொல்கிறார்கள். மும்பையில் இருக்கும் விளையாட்டின் சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம் ஒன்று. அதைப் பிங் என்றும் சொல்வார்கள். கணினி திணறிப் படம் திக்கித்திக்கி நகர்வது இரண்டாவது. ஒலி பின்னால் வருவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ஹெட்போன் பொறுப்பில்லை. பிங் எகிறுகிறது என்று புது ஹெட்போன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஒலி ஏன் பின்னால் வருகிறது? விளையாட்டு உண்டாக்கிய ஒலி இயங்குதளத்தில் மற்ற ஒலிகளோடு கலந்து, சுருங்கி, ரேடியோ அலையில் ஏறி, ஹெட்போனில் இறங்கி, விரிந்து, அப்புறம்தான் காதுக்கு வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் நேரம் போகும். ஆனால் பெரும்பங்கு, ஹெட்போன் வேண்டுமென்றே காத்திருப்பதில் போகிறது. புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே பேசுகிறது. அதே பட்டையில் வைஃபையும் ஓடுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் கசிகிறது. சில தரவுப் பொட்டலங்கள் தொலைந்துபோகும், திரும்ப அனுப்பவேண்டும். அதுவரை பாட்டு அறுந்துவிடக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொள்வார்கள். (இந்தச் சேர்த்துவைக்கும் இடத்தைப் பஃபர் என்பார்கள். அதற்குத் 'தாங்கல்' என்று பெயர் வைக்கவேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. வேடந்தாங்கல், பழவந்தாங்கலில் இருக்கிற அதே தாங்கல், நீரைத் தேக்கிவைக்கும் சிற்றேரி. வேதியியல் பாடநூலில் தாங்கல் கரைசல் ஏற்கெனவே வந்துவிட்டது. அது தனி மடல் இழைக்கான சண்டை, இங்கே வேண்டாம்.)

இப்படிச் சேர்த்துவைத்துக் கொடுப்பதால், எஸ்பிசி என்ற வழக்கமான ஒலிச்சுருக்க முறையில் ஓடும் புளூடூத் ஹெட்போனில் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லி நொடி வரை போய்விடும். 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 200 மில்லி நொடி என்றால் ஏறக்குறைய 69 மீட்டர். சேப்பாக்கத்தில் எல்லைக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு, பந்து மட்டையை விட்டுப் பறந்தபிறகு 'டொக்' கேட்குமே, கிட்டத்தட்ட அவ்வளவு. சுவருக்குப் பின்னால் வருகிறவனின் காலடிச் சத்தத்தை நம்பி ஆடுகிற ஆட்டத்தில் இது உயிர்போகிற விஷயம்.

யூஎஸ்பி டாங்கிளோடு (கணினியில் செருகும் சிறு ரேடியோ கருவி) வரும் ஹெட்போன்களில் இது 20 முதல் 40 மில்லி நொடிக்குள் அடங்கும். பெட்டியில் அதை '2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ்' என்று போட்டு, புளூடூத் வேறு இது வேறு என்பதுபோல் காட்டுவார்கள். மேலே சொன்னேனே, புளூடூத்தும் அதே 2.4தான். அலை ஒன்று, பேசிக்கொள்ளும் முறை வேறு, சேர்த்துவைக்கும் அளவு சிறிது. கட்டுரையில் தம்பி இதை மட்டுமாவது தெளிவாக எழுதவேண்டும்.

அப்படியானால் படம் பார்க்கும்போது ஏன் தெரிவதில்லை? போனே படத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்து ஒலியோடு சேர்த்துவிடுகிறது. நம் காதும் கண்ணும் பெருந்தன்மையானவை என்பதும் ஒரு காரணம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி படத்துக்குச் சுமார் 125 மில்லி நொடி பின்தங்கும்வரை கண்டுபிடிப்பது கடினம். முந்தினால் 45-லேயே தெரிந்துவிடும். விளையாட்டில் இந்தச் சமாளிப்பு நடக்காது. விரல் அழுத்திய பிறகுதான் ஒலியே பிறக்கிறது, படத்தை எங்கே பிடித்துவைப்பது?

இனி சொல்லுக்கு வருகிறேன். 'தாமதம்' எனக்குப் பிடிக்காததற்கு வடமொழி காரணமில்லை. தாமதம் என்றால் குறித்த நேரம் ஒன்று இருந்தது, அது தவறிவிட்டது என்றாகிறது. இங்கே எல்லாமே சரியாக நடந்தாலும் இந்த இடைவெளி இருக்கும். அளந்து எண் போடக்கூடிய, கூட்டுச்சொல் கட்டக்கூடிய, யாரையும் குற்றம் சொல்லாத சொல் வேண்டும். என்னிடம் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். நீங்கள் தேடுகிற சொல்லை நாங்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். சுணக்கம்.

எங்கட பக்கம் 'சுணங்கும்' என்றால் நேரம் எடுக்கும் என்பதுதான் பொருள். 'சமைச்சு முடியக் கொஞ்சம் சுணங்கும், இருங்கோ' என்றால் அதில் ஒருவர் மீதும் குறையில்லை. 'ஏன் சுணங்கினனீங்கள்?' என்று கேட்டால்தான் கொஞ்சம் கண்டிப்பு. 'ஒலிச்சுணக்கம்' என்று கட்டலாம். சர்வர் பக்கத்துக்கு 'இணையச் சுணக்கம்'. '40 மில்லி நொடிச் சுணக்கம்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

மதுரையிலிருந்து:

யாழ்ப்பாணத்து அன்பருக்கு,

இரண்டு தடைகளைச் சொல்லிவிடுகிறேன். சங்கப் பாடல்களில் சுணங்கு என்றால் மகளிர் மேனியில் படரும் தேமல். தலைவியின் அழகைச் சொல்ல வந்த சொல்லை ஹெட்போனில் மாட்டுவது எனக்குச் சற்று உறுத்துகிறது. அடுத்தது நடைமுறை. தமிழ்நாட்டு நாளிதழில் 'மழைநீர் வடிகால் பணியில் சுணக்கம்' என்று வந்தால், ஒப்பந்தக்காரர் தூங்குகிறார் என்று பொருள். சென்னை அம்மையார் வேண்டாம் என்ற குற்றச்சாட்டு இதிலும் இருக்கிறது.

ஆனாலும் நேற்று முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். என்னுடைய பிந்துகையை இரண்டாம் முறை உச்சரிக்க எனக்கே மனம் வரவில்லை. சுணக்கத்துக்கு இசைகிறேன், அரை மனதோடு.

சென்னையிலிருந்து:

ஐயா, பழம்பொருள் பற்றிக் கவலை வேண்டாம். 'செயலி'யைக் கணினியின் ப்ராசசருக்கு வைத்திருந்தோம். போன்கள் வந்ததும் அது ஆப் பக்கம் போய்விட்டது. நம்மிடம் யார் அனுமதி கேட்டார்கள்? யாழ்ப்பாணத்தில் பழியில்லாமல் புழங்குகிறது என்பதே எனக்குப் போதும். துறைச்சொல்லாக எண்ணோடு சேர்ந்து வரத் தொடங்கினால் இங்கேயும் அந்தக் குத்தல் தேய்ந்துவிடும்.

ஆனால் வரையறை இல்லாமல் சொல்லை வெளியே விடக்கூடாது. என் முன்மொழிவு: *ஒலிச்சுணக்கம் – மென்பொருள் ஓர் ஒலியை வெளியிட்டதிலிருந்து அது கேட்பவர் காதை எட்டும்வரை ஆகும் மொத்த நேரம்.* 'மொத்த' என்பதை வலிந்துதான் போட்டிருக்கிறேன். பெட்டியில் ஓர் எண் இருந்தால் அது எங்கிருந்து எங்கே வரை அளந்தது என்பது பெரும்பாலும் இருக்காது. அலைப்பயணத்தை மட்டும் அளந்தாலும் அழகான சிறிய எண் கிடைத்துவிடும்.

கட்டுரைக்கு இன்னோர் இணைச்சொல்லும் தேவைப்படும். புளூடூத் ஹெட்போனில் பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டத்தில் நண்பனோடு பேச மைக்கைத் திறந்த நொடியே எல்லாம் தட்டையாகிவிடும். கருவி கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கெடவில்லை. புளூடூத்தில் இரண்டு பாதைகள் உண்டு. பாட்டுக்கான ஏ2டிபி ஒருவழிப் பாதை, இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி. பேச்சுக்கான எச்எஃப்பி இருவழி. அதற்கு மாறியதும் ஒற்றை ஒலியாகி, ஒலியை அளந்து மாதிரி எடுப்பது பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறையாகக் குறைந்துவிடும். குறுந்தகட்டில் அது 44,100. இந்த இரண்டு பாதைகளையும் 'கேள்முறை', 'பேச்சுமுறை' என்று சொல்லலாமா? 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் ஒலிமுறையும் அதன் எல்சி3 சுருக்கமுறையும் இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தவைதான். ஆனால் போன் அல்லது கணினியும் ஹெட்போனும் இரண்டுமே அதை அறிந்திருக்கவேண்டும்.

கோவையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. கேள்முறை, பேச்சுமுறை இரண்டையும் எடுத்துக்கொண்டேன். எழுதிய பத்தியை அப்படியே இடுகிறேன், சொற்கள் உட்காருகின்றனவா என்று பாருங்கள்.

> ஒரே ஹெட்போன் எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றால், டாங்கிள், புளூடூத் இரண்டிலும் இயங்குவதாகப் பாருங்கள். ஆட்டத்துக்கு டாங்கிள், ஒலிச்சுணக்கம் குறைவு, மைக்கைத் திறந்தாலும் பேச்சுமுறைக்குச் சரியாது. பஸ்ஸுக்குப் புளூடூத், பாட்டுக்குச் சுணக்கம் பொருட்டில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும் வகை கிடைத்தால், ஆட்டத்தின் நடுவே அம்மா அழைத்தாலும் கழற்றாமல் பேசலாம். விளையாட்டுக் கருவிகளில் பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பாக்ஸிலும் புளூடூத் ஹெட்போன் நேரடியாகச் சேராது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர் அதற்கென்றே உரிமம் பெற்றதா என்று பார்த்து வாங்கவேண்டும். நிண்டெண்டோ ஸ்விட்ச் 2021 செப்டம்பரில் புளூடூத் ஒலியை ஏற்றுக்கொண்டது, மைக்கை ஏற்கவில்லை. 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் விட்டுவிடாதீர்கள். வயர் போட்டால் ஒலிச்சுணக்கம் ஏறக்குறைய இல்லை, மின்கலம் தீர்ந்த இரவில் அதுதான் கைகொடுக்கும். மைக்கைக் கழற்ற முடியவேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸில் விமான ஓட்டிபோல் உட்கார்ந்திருப்பீர்கள். வண்ண விளக்குகள் மின்கலத்தைத் தின்னும். போட்டிருக்கிறவருக்கு அவை தெரிவதும் இல்லை.

டாங்கிளுக்கு மட்டும் சொல் அகப்படவில்லை. 'செருகி' என்று போட்டுவிடவா?

சென்னையிலிருந்து:

பத்தி நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம்: 'எக்ஸ்பாக்ஸுக்கு உரிமம் பெற்றது' என்பதோடு டாங்கிளைப் பற்றியும் ஒரு சொல் சேர்க்கவும். மற்றக் கருவிகளுக்கான டாங்கிளை அதில் செருகினால் பொதுவாக வேலை செய்யாது. ஒரே மாடலை எக்ஸ்பாக்ஸுக்கென்று தனிப் பதிப்பாக விற்பது அதனால்தான்.

செருகி வேண்டாம். சுவரில் சொருகுகிற பிளக்கும் செருகி, உலாவியில் சேர்க்கிற நிரலும் செருகி.

மதுரையிலிருந்து:

டாங்கிள் டாங்கிளாகவே இருக்கட்டும் தம்பி. தாங்கலுக்குத் தனி இழை எப்போது தொடங்குகிறீர்கள் அம்மா? அதற்கு என் வாக்கு முழு மனதோடு.