மறு: லேட்டன்சிக்குத் தமிழ் – ‘போய்வரும் நேரம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

லேட்டன்சிக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற நம் இழை நீண்டுகொண்டே போகிறது, மொழிபெயர்க்கவேண்டிய உதவிப் பக்கமோ பாதியில் நிற்கிறது. மறைநிலை, தாமதம், மறுமொழி நேரம், செல்நேரம், சுணக்கம் என்று பல சொற்கள் வந்திருக்கின்றன. வணிக மேலாண்மை மென்பொருளை வேறு ஊரிலிருந்து இயக்க இணைய இணைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் பக்கம் அது. வரிக்கு வரி லேட்டன்சி வருகிறது, அதாவது தரவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேர ஆகும் நேரம். படிக்கப்போகிறவர் கணினிப் பொறியாளர் இல்லை. திருப்பூரில் தலைமை அலுவலகம், கரூரில் கிளை என்று வைத்திருக்கும் ஒரு முதலாளியோ அவருடைய கணக்கரோதான் படிப்பார். அவரை மனத்தில் வைத்தே இதுவரை வந்த சொற்களைப் பார்த்தேன்.

மறைநிலையை முதலில் கழித்துவிடலாம். லேட்டன்ட் என்றால் மறைந்திருப்பது என்று அகராதியில் பார்த்துச் செய்த சொல் அது. பிங் கட்டளை (மறுமுனைக்கு ஒரு சிறு செய்தி அனுப்பி, பதில் வர ஆன நேரத்தைக் காட்டுவது) கொடுத்தால் எண்ணாகவே திரையில் வந்து நிற்பதில் என்ன மறைவு?

தாமதம் எல்லோருக்கும் புரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மென்பொருளுக்குள்ளேயே அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது: தாமதக் கட்டணம், தாமதமான வரவு, சரக்கு வரத் தாமதம். அதே கணக்கரிடம் ‘தாமதம் 150-க்குள் இருக்கவேண்டும்’ என்றால் நாளா ரூபாயா என்று கேட்பார். இன்னொன்று, தாமதம் என்றாலே வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை, எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள் வந்துவிடுகிறது. லேட்டன்சி ஒரு பழுதும் இல்லாத இணைப்பிலும் இருக்கும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் கிடக்கும் ஐ2ஐ வடம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சிங்கப்பூரில் உள்ள சர்வரைச் சென்னையிலிருந்து தொட்டுத் திரும்ப, வடத்தில் மட்டுமே 32 மில்லிநொடி (நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிநொடி) ஆகிவிடும். எவ்வளவு பணம் கட்டினாலும் அதற்குக் கீழே இறங்காது. பத்து வழிச் சாலை போட்டாலும் சென்னை–மதுரைத் தூரம் குறையாது இல்லையா? பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகப் போனால் இன்னும் மோசம். 35,786 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கி, பதிலும் அதே போல ஏறி இறங்கினால், கிட்டத்தட்ட அரை நொடி. அங்கே யாரும் தாமதம் செய்யவில்லை, தூரம் அவ்வளவு.

மறுமொழி நேரம் நல்ல சொல்தான், ஆனால் அது ரெஸ்பான்ஸ் டைமுக்கு, அதாவது கேட்ட வேலையை மென்பொருள் முடித்துத் தர ஆகும் மொத்த நேரத்துக்கு உரியது. ஆண்டு இறுதி இருப்பு அறிக்கை வர 20 நொடி ஆகிறது, பிங் 15 மில்லிநொடிதான் காட்டுகிறது என்றால், அடைப்பு தரவுத்தளத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த முதலாளி சர்வரை விட்டுவிட்டு இணையக்காரரோடு சண்டை போடுவார்.

இந்தப் பக்கம் முழுவதும் சொல்லவரும் செய்தியே அளவு வேறு, நேரம் வேறு என்பதுதான். நம் ஊரில் இணைப்பு என்றால் ‘எத்தனை எம்பி?’ என்பதுதான் ஒரே கேள்வி. மைக்ரோசாஃப்ட் தன் டைனமிக்ஸ் 365 வாடிக்கையாளர் மேலாண்மைச் செயலிகளுக்குக் கேட்கும் பேண்ட்வித் (ஒரு நொடியில் எவ்வளவு தரவு போகலாம் என்ற அளவு) நொடிக்கு 50 கிலோபைட்டுக்கு மேல், அவ்வளவே. இன்று அது யாரிடமும் இருக்கும். கூடவே லேட்டன்சி 150 மில்லிநொடிக்குள் என்கிறார்கள், இடிப்பது அங்கேதான்.

டேலி போலத் தரவைக் கோப்புகளாக வைக்கும் மென்பொருளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். தலைமை அலுவலகக் கணினியில் உள்ள கோப்புறையை விபிஎன் (இரண்டு அலுவலகங்களையும் இணையத்தின் வழியே ஒரே வலையமைப்பு போல இணைக்கும் வசதி) வழியாகப் பகிர்ந்து, கிளையிலிருந்து திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லெட்ஜரைத் திறக்க 2,000 முறை ‘அந்தத் துண்டைக் கொடு’ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கவேண்டியிருந்தால், ஒவ்வொரு கேள்வியும் போய்வர 40 மில்லிநொடி என்ற கணக்கில் 80 நொடி. அலுவலகத்துக்குள் ஒரு மில்லிநொடியில் போய்வந்தால் அதே வேலை 2 நொடி. இணைப்பை 100 எம்பியிலிருந்து 300 எம்பி ஆக்கினாலும் 80 நொடி அப்படியே நிற்கும். ரிமோட் டெஸ்க்டாப் (தலைமை அலுவலகக் கணினியையே கிளையிலிருந்து இயக்கும் முறை) வைத்தால் கோப்பு எல்லாம் அங்கேயே திறக்கும், திரையில் தெரியும் காட்சியும் விசைத்தட்டலும் மட்டும் பயணம் செய்யும். அதனால்தான் பலரும் அந்தப் பக்கம் போகிறார்கள்.

மேலே நான் எழுதும்போதே ‘போய்வர’ என்பது தானாக வந்து விழுகிறது பாருங்கள். அதையே வைப்போம்: போய்வரும் நேரம்.

ஒருவழி நேரம்தானே சரியான வரையறை என்று இழையில் ஒருவர் கேட்டிருந்தார். இலக்கணப்படி சரி. ஆனால் பிங் காட்டுவது போய்த் திரும்பிய நேரம். ஒருவழியை மட்டும் அளக்க இரண்டு முனையிலும் கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும், கணக்கரிடம் அதைக் கேட்க முடியாது. திசையைச் சொல்லாமல் விட்டால் வரும் குழப்பத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. குரல் அழைப்புக்கான ஐடியு-வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஜி.114 பரிந்துரையிலும் 150 மில்லிநொடி வருகிறது, அது ஒருவழி. பிங்கில் பார்த்தால் 300 வரை இடம் உண்டு. வெறுமனே ‘தாமதம் 150’ என்று மொழிபெயர்த்தால் எந்த 150 என்று யார் சொல்வது?

ஒருவழிக்குச் சொல் வேண்டிய இடத்தில் பயண நேரம் போதும். செல்நேரம் என்ற பரிந்துரை வினைத்தொகையாக அழகுதான், ஆனால் படிப்பவர் காதில் செல்போன்தான் அடிக்கும்.

நீளம், கலைச்சொல் மாதிரி இல்லை என்பார்கள். இருக்கட்டும். ‘போய்வரும் நேரம் குறைந்த இணைப்பு’ என்று வாக்கியத்தில் ஒழுங்காக உட்காருகிறது, அது போதும். வட்டு, நினைவகம், ஒலிக்கருவி இவற்றின் லேட்டன்சிக்கு இது பொருந்தாது. அங்கே வேறு சொல் வரட்டும், ஆங்கிலத்தில் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

சுணக்கத்தை நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதற்கு இதே பக்கத்தில் உரிய இடம் இருக்கிறது. சும்மா இருக்கும்போது 30 மில்லிநொடி காட்டும் இணைப்பு, மதியம் யாரோ பேக்கப்பை மேகச் சேமிப்பில் ஏற்றத் தொடங்கியதும் 400-க்குத் தாவும். ரௌட்டரில் பொதிகள் (தரவுத் துண்டுகள்) வரிசையில் காத்துக் கிடப்பதால் வருவது இது. 30 என்பது தூரம், மேலே ஏறிய 370 சுணக்கம். இந்தக் கூடுதல் உண்மையிலேயே குறை, சரிசெய்யவும் முடியும்: பேக்கப்பை இரவுக்குத் தள்ளலாம், பதிவேற்றத்துக்கு வரம்பு வைக்கலாம். வேலையில் சுணக்கம் என்று செய்தித்தாளில் எழுதுவதும் இதே பொருளில்தானே.

மற்றவை பற்றிச் சுருக்கமாக: பேண்ட்வித்துக்குப் பட்டையகலமே இருக்கட்டும். அலைக்கற்றை என்று எழுதினால் ஏலமும் 2ஜியும்தான் நினைவுக்கு வரும். பாக்கெட் லாஸ் பொதி இழப்பு. ஜிட்டருக்கு (போய்வரும் நேரம் ஒரே சீராக இல்லாமல் கூடிக் குறைவது) வந்த நடுக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, இணைப்புக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறது. நேர ஏற்ற இறக்கம் என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன், இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றலாம்.

பக்கத்தில் ஏற்ற நினைக்கும் பத்தி இது:

‘கிளை அலுவலகத்திலிருந்து சர்வருக்குப் போய்வரும் நேரம் 150 மில்லிநொடிக்குள் இருக்கவேண்டும். பிங் கட்டளையால் இதைப் பார்க்கலாம். காலையில் ஒருமுறை, அலுவலகம் மும்முரமாக இருக்கும்போது ஒருமுறை பாருங்கள். இரண்டாவது எண் மிக அதிகமாக இருந்தால் இணைப்பில் சுணக்கம் இருக்கிறது. பெரிய பதிவேற்றம் ஏதாவது ஓடுகிறதா என்று கவனியுங்கள். இரண்டு எண்ணுமே அதிகமாக இருந்தால், பெரும்பாலும் சர்வர் தொலைவில் இருக்கிறது. பட்டையகலத்தைக் கூட்டிப் பயனில்லை.’

மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். சொல்லை மட்டும் மறுக்காமல், இந்தப் பத்தியை உங்கள் சொல்லோடு திருத்தி அனுப்பினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்.