உறிஞ்சும் டக்டில் மொத்த அழுத்தம் நிலை அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டுகிறது: எங்கே பிழை?

நூற்பாலைப் பராமரிப்பு, கோவை

வணக்கம். கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறேன். பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் இயந்திரங்களிலிருந்து பஞ்சுத் தூசியை இழுக்கும் 400 மி.மீ. வட்ட டக்டில் (காற்றுக் குழாயில்) ஒரு மாதமாக இழுவை குறைந்திருக்கிறது. இயந்திர மூடிகளின் ஓரத்தில் பஞ்சு படிகிறது. திங்கட்கிழமை வேலைக்கு வரும் பெண்களில் மூவர், அன்றைக்கு மட்டும் நெஞ்சைப் பிடித்தாற்போல் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதனால்தான் இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

காற்று இயந்திரங்களிலிருந்து டக்ட் வழியாக ஃபில்டருக்கும், அங்கிருந்து விசிறிக்கும் போகிறது. ஃபில்டருக்கு முன்னால், வளைவிலிருந்து 600 மி.மீ. தள்ளித் துளை போட்டு, காற்றின் அழுத்தத்தை அளக்கும் எல் வடிவப் பிட்டோ குழாயை நடுவில் நிறுத்தினேன். அதன் மூக்குத் துளை மொத்த அழுத்தத்தையும், பக்கவாட்டுத் துளைகள் நிலை அழுத்தத்தையும் தரும். இரண்டு ரப்பர் குழாய்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, நீர்மட்ட வித்தியாசத்தால் அழுத்தம் காட்டும் யூ மேனோமீட்டரில் மாட்டிப் பார்த்தேன். மொத்த அழுத்தம் மைனஸ் 71 மி.மீ. நீர், நிலை அழுத்தம் மைனஸ் 62. கழித்தால், காற்றின் ஓட்டத்தால் வரும் திசைவேக அழுத்தம் மைனஸ் 9 வருகிறது. விசிறியை நிறுவிய நாளின் பதிவேட்டில் நிலை அழுத்தம் மைனஸ் 65, சராசரி வேகம் நொடிக்கு 16 மீட்டர் என்று இருக்கிறது. 65 இப்போது 62 ஆகிவிட்டதால் விசிறிதான் தளர்ந்துவிட்டது, வேகமாகச் சுழல அதன் புல்லியை மாற்றலாம் என்கிறார்கள் மேலே. மாற்றலாமா?

ஓய்வுபெற்ற ஃபிட்டர்

தம்பி, புல்லியில் கை வைக்காதீர்கள். திசைவேக அழுத்தம் ஒருநாளும் மைனஸில் வராது. உறிஞ்சும் டக்டில் மொத்த அழுத்தமும் மைனஸ்தான், ஆனால் நிலை அழுத்தம் அதைவிட ஆழமான மைனஸில் இருந்தாக வேண்டும். இரண்டு ரப்பர் குழாய்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிட்டோவின் மூக்கு காற்று வரும் திசையை நேராகப் பார்க்கிறதா என்பதையும் பாருங்கள்.

நூற்பாலைப் பராமரிப்பு, கோவை

பார்த்துவிட்டேன் ஐயா. குழாய்கள் மாறவில்லை, மூக்கும் நேராகத்தான் இருக்கிறது.

காற்றோட்ட வடிவமைப்பாளர்

குழாய் மாறவில்லை என்றால் கசிவைத் தேடுங்கள். டக்டுக்குள் உறிஞ்சல் இருக்கும்போது ரப்பர் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். அளவு பூஜ்யத்தை நோக்கி நகர்ந்துவிடும். உங்கள் 62 அப்படி வந்த எண்ணாகத்தான் தெரிகிறது. பிட்டோவின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகளில் பஞ்சு அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். உள்ளிருந்து வரும் வழி ஒடுங்கிவிடுவதால் விரிசல் வழியே வரும் காற்றின் கை ஓங்கிவிடும்.

சோதிப்பது எளிது. ரப்பர் குழாயைப் பிட்டோவிலிருந்து கழற்றி, அந்த முனையில் வாய் வைத்து மெல்ல உறிஞ்சி, நீர்மட்டம் ஏறியதும் முனையை இறுக மடித்துப் பிடியுங்கள். மட்டம் அப்படியே நின்றால் குழாய் நல்லது. இறங்கினால் தூக்கி எறியுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த இடமும் சரியில்லை. வளைவைத் தாண்டிய காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்றுதான் போகும். விட்டத்தைப் போல ஏழரை மடங்கு நேர்க்குழாய் கடந்த பிறகு அளந்தால்தான் நம்பலாம். உங்களுக்கு அது 3 மீட்டர். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் அளந்து சராசரி வேகம் என்று எழுதாதீர்கள், நடுவில் வேகம் எப்போதும் கூடுதல். 400 மி.மீ. விட்டத்துக்குச் சுவரிலிருந்து 10, 33, 58, 90, 137, 263, 310, 342, 367, 390 மி.மீ. தூரங்களில் பத்துப் புள்ளிகள் எடுங்கள். செங்குத்தாக இன்னொரு துளையிலும் அதே பத்து. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே வேகத்தைக் கணக்கிட்டுவிட்டுத்தான் சராசரி பார்க்க வேண்டும். அழுத்தங்களைச் சராசரி எடுத்து அதற்கு வர்க்கமூலம் கண்டால் விடை கூடுதலாக வரும். பிட்டோவின் தண்டைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைத்துவிடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். துளை போடுவதற்கு முன் விசிறியை நிறுத்தி, உள்ளே படிந்த பஞ்சை அகற்றுங்கள். பஞ்சு பற்றிக்கொள்ளத் துளைப்பானின் ஒரு தீப்பொறி போதும்.

தொழிலகச் சுகாதாரப் பணியாளர்

விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது, பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்த மூவரையும் இந்த வாரமே மருத்துவரிடம் அனுப்புங்கள் தம்பி. டக்ட் சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

நூற்பாலைப் பராமரிப்பு, கோவை

மூவரும் நேற்றுப் போய் வந்துவிட்டார்கள் அக்கா. நுரையீரல் சோதனை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அவர்களை வேறு பகுதிக்கு மாற்றக் கேட்டு ஒப்புதலும் வாங்கிவிட்டேன்.

நிலை அழுத்தக் குழாயில் மட்டம் நிற்கவில்லை. பிட்டோவில் மாட்டும் முனையை வளைத்துப் பார்த்தால் விரல் நகம் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. எட்டு நுண்துளைகளில் ஐந்தில் பஞ்சு. புதுக் குழாய் மாட்டி, துளைகளை ஊதிச் சுத்தம் செய்து, விசிறி நிறுவியபோது அளந்த பழைய துளைகளுக்கே போனேன். ஏணி வைத்து ஏற வேண்டும் என்பதால்தான் முதலில் அதைத் தவிர்த்தேன். அது வளைவிலிருந்து 3.2 மீட்டரில் இருக்கிறது. இப்போது நடுவில் மொத்தம் மைனஸ் 72, நிலை மைனஸ் 84. வித்தியாசம் 12 மி.மீ.

காற்றோட்ட வடிவமைப்பாளர்

12 மி.மீ. நீர் என்பது 118 பாஸ்கல். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். கூடத்தில் 35 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.09 கிலோ அளவில் இருக்கும். வழக்கமான 1.2 ஐப் போடாதீர்கள், வேகம் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவாக வரும். 118 ஐ இரண்டால் பெருக்கி, 1.09 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நடுவில் நொடிக்கு 14.7 மீட்டர். சராசரி 13 அளவில் நிற்கும்.

இனி பதிவேட்டோடு சேர்த்துப் பாருங்கள். உறிஞ்சல் 65 இலிருந்து 84 ஆகக் கூடியிருக்கிறது, வேகமோ குறைந்திருக்கிறது. விசிறி தளர்ந்திருந்தாலும் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இந்த இடத்தில் இரண்டுமே குறைந்திருக்கும். அடைப்பு உங்கள் துளைக்கும் இயந்திரங்களுக்கும் இடையில்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்

வளைவுகளின் இணைப்புகளைத் திறந்து பாருங்கள் தம்பி. யாராவது பிறகு திருகாணி அடித்திருப்பார்கள்.

நூற்பாலைப் பராமரிப்பு, கோவை

ஞாயிற்றுக்கிழமை ஆலையை நிறுத்தி, இரண்டாம் வளைவைத் திறந்தோம். ஐயா சொன்னதேதான். கசிவை அடைக்க அடித்த நான்கு திருகாணிகளின் முனைகள் உள்ளே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பஞ்சு இழை இழையாகச் சுற்றி, எலிவால் போலத் தொங்கியது. அவற்றின் மேல் கழிவுப் பஞ்சு மெத்தையாகப் படிந்து டக்டின் மூன்றில் ஒரு பங்கை மறைத்திருந்தது. திருகாணிகளை எடுத்துவிட்டு, தலை தட்டையான ரிவெட் அடித்தோம்.

இன்று காலை இருபது புள்ளிகளிலும் அளந்தேன். நிலை அழுத்தம் மைனஸ் 66, சராசரி வேகம் நொடிக்கு 15.8 மீட்டர். புல்லி வாங்கக் கேட்டிருந்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டு, பக்கத்தில் தேதியையும் இன்றைய எண்களையும் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன்.