ஏப்ரலில் ருவாண்டா போகிறேன், அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக ஏப்ரல் முதல் வாரம் கிகாலி போகிறேன். 1994 ஏப்ரல் 7 அன்று அங்கே இனப்படுகொலை தொடங்கியது. நூறே நாளில் ஹூட்டு இனத் தீவிரவாதிகள் பல லட்சம் பேரைக் கொன்றார்கள்; இறந்தவர்கள் பெரும்பாலும் துட்சி இனத்தவர். இன்றும் ஏப்ரல் 7 முதல் ஒரு வாரம் நாடே துக்கம் அனுசரிக்கிறது; கொண்டாட்டம் எதுவும் கிடையாது.

கிகாலியில் உள்ள கிசோசி இனப்படுகொலை நினைவிடத்துக்குப் போக ஆசை. சுமார் 2,50,000 பேரை அடக்கம் செய்த இடம் அது. அந்த வாரத்தில் வெளியாட்கள் போனால் குடும்பத்தாருக்கு இடைஞ்சலாக இருக்குமா? அப்புறம், கூட வேலை செய்யப்போகிறவர்களில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கலாம். ஹூட்டுவா, துட்சியா என்று கேட்கவே கூடாது, அது தெரியும். அவர்களே பேச்செடுத்தால் என்ன சொல்வது? பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா? இதுதான் எனக்குப் பெரிய கவலை.

பிளாஸ்டிக் பைக்கு அங்கே தடை என்பதால் துணிப்பைகள் எடுத்து வைத்துவிட்டேன்.