மழைக்காலத்தில் பாயிண்ட் இறுகுகிறது: எதைத் தடவுவது?

வடசென்னை சைடிங்:
வணக்கம். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு ரயில் சைடிங்கில் (பக்கப் பாதையில்) பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து, ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்டின் சிலைடு சேர்களில் (நகரும் தண்டவாளம் சறுக்கும் இரும்புத் தாங்கிகளில்) காலையில் தடவும் கிரீஸ் மாலைக்குள் கழுவப்பட்டுவிடுகிறது. பாயிண்டை நகர்த்தும் லீவரை இழுக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. கோடையிலோ அதே கிரீஸில் தூசி அப்பிக்கொள்கிறது. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

பெரம்பூர் ஓய்வூதியர்:
தயவுசெய்து வேண்டாம். பழைய ஆயிலில் கரியும் உலோகத் துகளும் கலந்திருப்பதால், அது வழுக்குவதை விடத் தேய்ப்பதே அதிகம். சேரின் மேற்பரப்பைச் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்தபின் மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். கிராஃபைட் கலந்த உலர் பூச்சு கிடைத்தால், தூசியை இழுக்காது என்பதால் நம் ஊருக்கு அதுவே நல்லது.

ஆனால் எனக்குச் சந்தேகம் எண்ணெயின் மீதில்லை. ஒவ்வொரு சேரையும் குனிந்து பாருங்கள்: டங் ரயில் (பாயிண்டின் நகரும் தண்டவாளம்) உட்கார்ந்து நகரும் சேர் பளபளவென்றிருக்கும், தொடாத சேரில் துரு அப்படியே இருக்கும்.

தாம்பரம் வாசகர்:
கிரீஸ் டப்பாவில் மைனஸ் டிகிரி அளவைப் பார்த்து ஏமாறவேண்டாம். பனி பெய்யும் நாடுகளில் பாயிண்டுகளுக்கு ஹீட்டரே பொருத்துகிறார்கள். நமக்குத் தேவை நீரில் கழுவப்படாமையும் உப்புக் காற்றைத் தாங்குவதும்தான்.

வடசென்னை சைடிங்:
ஐயா, பார்த்துவிட்டேன். மூன்று சேர்கள் மட்டுமே கண்ணாடிபோல் மின்னுகின்றன, மற்றவை செந்துரு.

பெரம்பூர் ஓய்வூதியர்:
அப்படியானால் மழைநீர் ஜல்லிக்கு அடியிலிருந்த மண்ணை அரித்து, சில ஸ்லீப்பர்களை (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை) இறக்கிவிட்டிருக்கிறது. டங் ரயிலின் முழுப் பாரமும் அந்த மூன்றின் மேல் விழுவதால் எதைத் தடவினாலும் நிற்காது. பாதைப் பிரிவினரிடம் சொல்லி, ஸ்லீப்பர்களைப் பேக்கிங் செய்து (அடியில் ஜல்லியை இறுக்கி), வடிகாலையும் திறந்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. டங் ரயிலும் ஸ்டாக் ரயிலும் (அது போய் ஒட்டும் நிலையான தண்டவாளம்) சேரும் முகத்தில் கிரீஸை அப்பாதீர்கள். ஜல்லிச் சில்லு அதில் ஒட்டினால் இடைவெளி விழும். எங்கள் மோட்டார் பாயிண்டுகளில் டங் ரயிலின் நுனியிலிருந்து 150 மி.மீ. தள்ளி, இரண்டு ரயிலுக்கும் நடுவே 5 மி.மீ. தகட்டை வைத்துச் சோதிப்போம். தகடு இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொண்டால் அது தேறாது. துடைக்கும்போது லீவரருகே ஓர் ஆளை நிறுத்தாமல் விரலை உள்ளே விடாதீர்கள்.

வடசென்னை சைடிங்:
நன்றி ஐயா. பேக்கிங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதுவரை சுரண்டித் துடைத்துவருகிறோம்.